அதே தெரு, அதே கண்மாய்க் கரை: நடந்துகொண்டே பறவை பார்ப்பது எப்படி?

"மதுரை கே.கே. நகரில் குடியிருக்கிறேன். டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் காலையில் வண்டியூர் கண்மாய் வரை நடக்கிறேன். பறவை பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் காக்கா, மைனா, கொக்கு தவிர ஒன்றும் கண்ணில் படுவதில்லை. இதற்காக வேட்டங்குடி, அரிட்டாபட்டி என்று வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டுமா? நல்ல கேமரா ஒன்று வாங்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நடக்கிற பாதையை மட்டும் மாற்றாதீர்கள். அதே தெரு, அதே முக்கு, அதே கரை. ஒரு சித்திரையில் தொடங்கி அடுத்த சித்திரை வரை அப்படியே போய்ப் பாருங்கள். புதுப் பறவையைத் தேடி ஊர் ஊராகப் போகிறவருக்குச் சுலபத்தில் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். எது எப்போது வருகிறது, எது எப்போது கிளம்புகிறது, எது வருஷம் முழுக்க இங்கேயே கிடக்கிறது என்கிற கணக்குதான் அது. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் அப்புறம் எந்தக் கண்மாய்க்குப் போய் நின்றாலும் உங்கள் கண் தானாக வேலை செய்யும்.

சரணாலயத்துக்குப் போவதை நான் குறைவாகச் சொல்லவில்லை. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி அருமையான இடம். பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களை நேரில் பார்ப்பதற்காகவாவது போக வேண்டும். ஆனால் பழக்கமில்லாத கண்ணோடு அங்கே போனால் தூரத்து மரத்தில் வெள்ளையும் சாம்பலுமாக நூற்றுக்கணக்கில் எதெதுவோ உட்கார்ந்திருக்கும். "நிறைய நாரை பார்த்தேன்" என்பதற்கு மேல் ஒன்றும் மனதில் நிற்காது. பக்கத்துத் தெருவில் பத்தடி தூரத்தில் நிற்கும் பறவையை நிதானமாகப் பார்த்துப் பழகிவிட்டுப் போனால் அதே மரத்தில் ஐந்தாறு இனங்களைப் பிரித்துச் சொல்வீர்கள்.

நீங்கள் சொன்ன அந்த மூன்றையே எடுத்துக்கொள்வோம்.

காக்கா உங்கள் தெருவில் இரண்டு வகை. கழுத்தும் நெஞ்சும் சாம்பலாக இருப்பது வீட்டுக் காகம். உடம்பு முழுக்கக் கன்னங்கரேல் என்று, பெருத்த அலகோடு, கரகரத்த குரலில் கத்துவது அண்டங்காக்கை. அமாவாசைக்கு வைக்கிற சோற்றுக்கு முதலில் எது வருகிறது, எது ஒதுங்கி நின்று அப்புறம் வருகிறது என்று பாருங்கள். மைனாவிலும் அப்படித்தான். கண்ணைச் சுற்றி மஞ்சள் தோலோடு நடைபாதையில் திரிவது சாதாரண மைனா. தலையில் கறுப்பாக, வழித்துச் சீவிய மாதிரி கொண்டையோடு இருப்பது கருந்தலை மைனா. குளிர்காலத்தில் ஆல், அரச மரங்கள் பழுத்திருந்தால் இளஞ்சிவப்பு உடம்பும் கறுப்புத் தலையுமாகச் சூறைக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். மைனாவோடு மைனாவாகக் கலந்திருப்பதால் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

கொக்கு விஷயத்தில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். நீங்கள் "கொக்கு" என்று ஒரே சொல்லில் முடித்ததற்குள் குறைந்தது ஐந்து பறவைகள் இருக்கின்றன. மாட்டுக்குப் பின்னாலேயே நடக்கிற, கட்டையான மஞ்சள் அலகுள்ள வெள்ளைக் கொக்கு உண்ணிக்கொக்கு. மாடு நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்புகிற பூச்சிதான் அதற்கு இரை. இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் மஞ்சள் தேய்த்த மாதிரி நிறம் மாறிவிடும். அலகும் காலும் கறுப்பாக, பாதம் மட்டும் மஞ்சளாக இருப்பது சின்னக் கொக்கு. தண்ணீருக்குள் அந்தப் பாதத்தை ஆட்டி மீனைக் கலைத்துப் பிடிக்கும். அதனால் பாதம் வெளியே தெரிகிற வரை பொறுமையாக நில்லுங்கள். அலகு மஞ்சளாகவும் கால் கறுப்பாகவும் இருந்தால் நடுத்தரக் கொக்காகவோ பெரிய கொக்காகவோ இருக்கும். வாய்ப் பிளவு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகிறதா என்று பாருங்கள். போனால் அது பெரிய கொக்கு. கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்ட மாதிரி வளைவும் தெரியும்.

ஐந்தாவது, மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். வாய்க்கால் ஓரத்தில் மண்ணோடு மண்ணாகப் பழுப்பாக நிற்கும். நீங்கள் பக்கத்தில் போகும் வரை அசையாது. கிளம்பும்போது பார்த்தால் வெள்ளை வெளேர் என்று இறக்கை விரியும். பழுப்பாக நின்றது எங்கே போனது, இந்த வெள்ளைப் பறவை எங்கிருந்து வந்தது என்று முதல் தடவை பார்க்கிற யாரும் திகைப்பார்கள். மறுபடி உட்கார்ந்து இறக்கையை மடக்கியதும் வெள்ளை மறைந்துவிடும். இனப்பெருக்கக் காலம் வந்தால் முதுகு கரும் அரக்கு நிறத்துக்கு மாறும். அந்த நிறம் எந்த மாதத்தில் தொடங்குகிறது என்று உங்கள் கரையில் நீங்களே குறித்து வையுங்கள். புத்தகத்தில் படிப்பதைவிட அது ஆழமாகப் பதியும்.

அடுத்து, மின்கம்பியைப் பார்க்கப் பழகுங்கள். மதுரைத் தெருவில் பறவை பார்க்க மரத்தை விடக் கம்பி நல்லது, மறைப்பே கிடையாது. வால் நுனி இரண்டாகப் பிளந்து வெளிப்பக்கம் வளைந்த கறுப்புக் குருவி ஒன்று தினமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதுதான் கரிச்சான், இரட்டைவால் குருவி. வாயோரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். வெளிச்சம் சரியாக இருந்தால் தெரியும். கம்பியிலிருந்து பாய்ந்து காற்றிலேயே பூச்சியைப் பிடித்துக்கொண்டு திரும்ப அதே இடத்துக்கு வரும். கூடு இருக்கிற நாளில் பாருங்கள், காக்கா என்ன, பருந்து வந்தாலும் மேலிருந்து பாய்ந்து முதுகில் கொத்தி விரட்டும். இந்தக் காவலை நம்பி மாங்குயில், புறா, சின்னான் எல்லாம் அதன் கூட்டுக்குப் பக்கத்திலேயே கூடு கட்டுவதும் உண்டு.

மதுரைக்காரர்களுக்கு இந்தப் பறவை புதிதில்லை. மீனாட்சியம்மன் கோயில் ஆவணி மூலத் திருவிழாவில் கருங்குருவிக்கு உபதேசம் செய்த லீலை முதலில் வருகிறது. காக்கைகள் கொத்தித் துரத்திய சின்னக் குருவிக்குச் சொக்கநாதர் மந்திரம் சொல்லிக்கொடுத்து வலிமை தந்தார் என்பது கதை. அதற்கு அடுத்து நாரைக்கு மோட்சம் கொடுத்த லீலை. கம்பியில் உட்கார்ந்து காக்காயை விரட்டுகிற கரிச்சானை யாரோ இந்த ஊரில் நின்று நன்றாகப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் எனக்கு அந்த லீலையைக் காணும்போதெல்லாம் தோன்றும்.

கம்பியில் வேறு யார் யார் இருப்பார்கள்? பச்சை உடம்பும் நடுவில் ஊசி மாதிரி நீண்ட வாலிறகுமாகப் பஞ்சுருட்டான். நீல முதுகும் வெள்ளை நெஞ்சும் செக்கச் சிவந்த அலகுமாக வெண்மார்பு மீன்கொத்தி. இது தண்ணீரே இல்லாத தெருவிலும் இருக்கும், ஓணானும் வெட்டுக்கிளியும் கிடைத்தால் போதும். ஊரைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போனால் பனங்காடை. உட்கார்ந்திருக்கையில் மங்கலாகத் தெரியும் அது, இறக்கையை விரித்தால் இரண்டு நீலம் மாறி மாறி மின்னும். பட்டுப்போன பனை மரத்துப் பொந்தில் கூடு வைக்கிற பறவை இது. நாடு முழுக்கக் குறைந்துவருகிறது என்று 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சொல்கிறது. அதனால் ஒன்றைப் பார்த்தால் இடத்தையும் தேதியையும் மறக்காமல் எழுதுங்கள்.

பெயர் தெரியாத பறவை எதிர்ப்பட்டால் நிறத்தில் தொடங்காதீர்கள். காலை வெயிலுக்கு எதிரே எல்லாப் பறவையும் கறுப்புதான். முதலில் அளவு: சிட்டுக்குருவி, மைனா, காக்கா, பருந்து என்று நான்கு அளவுகோலை வைத்துக்கொண்டு, எதற்குப் பெரியது, எதற்குச் சின்னது என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் அலகும் வாலும். அப்புறம் அது என்ன செய்கிறது என்பது. தரையில் தத்துகிறதா நடக்கிறதா, வாலை ஆட்டுகிறதா, அடிமரத்தில் ஏறுகிறதா, இலை நுனியில் தலைகீழாகத் தொங்குகிறதா? நிறத்தைக் கடைசியில் சேர்த்தால் போதும்.

பறவை பார்ப்பது என்று பெயர்தானே தவிரப் பாதி வேலை காதுக்குத்தான். தெருவில் வேப்பமரம், அரசமரம் இருந்தால் "டொக்... டொக்... டொக்..." என்று ஒரே சீராக, நிறுத்தாமல் ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். உச்சி வெயிலிலும் கேட்கும். செம்மார்புக் குக்குறுவான். நெற்றியும் நெஞ்சும் சிவந்த, சிட்டுக்குருவியை விடச் சற்றே பெரிய பச்சைப் பறவை. மரத்தின் உச்சியில் இலையில்லாத கொம்பில், காலை வெயில் முதலில் படுகிற இடத்தில் தேடுங்கள். கத்தும்போது வாயைத் திறக்காது. அலகு மூடியபடியே இருக்க, தொண்டை மட்டும் ஒவ்வொரு "டொக்"குக்கும் புடைத்து அடங்கும். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே கத்துவதால் சத்தம் வேறு வேறு இடத்திலிருந்து வருகிற மாதிரி ஏமாற்றும். ஒரு காலை முழுக்க இதற்கே செலவானாலும் பரவாயில்லை, கண்டுபிடித்து அந்தத் தொண்டையைப் பார்த்துவிடுங்கள்.

குயிலை எல்லோரும் கேட்டிருக்கிறோம், பெண் குயிலைப் பார்த்தவர்கள் குறைவு. கூவுவது சிவந்த கண்ணுள்ள கறுப்பு ஆண். பெண் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் வரியுமாக, "கிக் கிக் கிக்" என்று பதற்றமாகக் கத்திக்கொண்டு கிளைக்குக் கிளை மாறும். காக்கா கூடு கட்டுகிற காலத்தில் கூட்டுப் பக்கமே இரண்டும் சுற்றும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து புங்கமரத்தடிச் சருகைப் புரட்டிக்கொண்டு திரியும். எல்லாம் கீழே மேயும்போது ஒன்று மட்டும் கிளையில் காவலுக்கு நிற்பதைக் கவனியுங்கள். தவிட்டுக்குருவியும் அணிலும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டால் உடனே மேலே பாருங்கள். பெரும்பாலும் வைரி என்கிற சின்ன வேட்டைப் பறவை எங்காவது வந்து உட்கார்ந்திருக்கும், அல்லது பூனை கீழே இருக்கும்.

சத்தத்தைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் என்கிற செயலி இலவசம்தான். போனில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது சொல்வதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, பறவையைக் கண்ணால் பார்த்தபிறகு எழுதுங்கள். மாட்டுத்தாவணி பஸ் ஹார்னுக்கு நடுவே அதுவும் சில நேரம் குழம்பும். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்தபிறகு கேட்பது நல்லது.

இனி கண்மாய். அதைப் பார்க்கிற முறை தெரியாமல் பலர் கரையில் விறுவிறுவென்று நடந்து முடித்துவிடுகிறார்கள். நம் பக்கம் நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகவும் தென்கிழக்காகவும் சரிகிறது. அதனால் பல கண்மாய்களில் கரை கிழக்கு, தெற்குப் பக்கங்களில்தான் இருக்கும். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் உங்கள் முதுகில் அடிக்கும், பறவை மேல் நேராக விழும். நிறம் துல்லியமாகத் தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் எல்லாம் நிழலுருவம்தான். ஆகவே கண்மாய்க்குக் காலை, தெருவுக்கும் மரத்துக்கும் சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கரையில் நான்கைந்து இடத்தில் நில்லுங்கள். மடைப் பக்கம் ஒன்று, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கம் ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் தண்ணீரைக் கண்ணாலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ஆழமான நடுப் பகுதியில் முங்கி முங்கி எழும் முக்குளிப்பான், நெற்றி வெள்ளையான நாமக்கோழி, நீர்க்காகம், புள்ளிமூக்கு வாத்து. ஆகாயத்தாமரையும் செடியும் அடர்ந்த இடத்தில் நீலத் தாழைக்கோழியும், நீண்ட விரல்களால் இலைமேல் நடக்கும் இலைக்கோழியும். இலைக்கோழியில் அடைகாப்பது ஆண் பறவை, குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரிவதும் அதுதான். கணுக்கால் தண்ணீரில் சிவப்புக் காலோடு நெடுங்கால் உள்ளான், நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி தெரியும், இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது. தண்ணீர் வற்றிய சேற்றில் வாலாட்டியும் சின்ன உள்ளான்களும். காய்ந்த உள்வாயில் ஆள்காட்டி.

தண்ணீர் ஒரு முழம் ஏறினாலும் இறங்கினாலும் இந்த வரிசை முழுக்க மாறும். கண்மாய் நிறைந்து கலுங்கு வழிகிற நாளில் பறவை கூடும் என்று நினைக்கிறோம், நடப்பது வேறு. ஆழத் தண்ணீரில் நிற்க நாரைக்கும் கொக்குக்கும் கால் எட்டாது, கொஞ்சம் வாத்தும் நீர்க்காகமும்தான் இருக்கும். தை, மாசி தாண்டித் தண்ணீர் வற்ற வற்ற மீன் ஒரு மூலையில் ஒதுங்கும். அப்போதுதான் சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் வந்து மொய்க்கும். மேலூர்ப் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடத்துவதும் கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாயில்தானே. அதே காரணம்தான் பறவைக்கும்.

மாதக் கணக்கை மனதில் வைத்தால் நடை இன்னும் சுவைக்கும். புரட்டாசியிலேயே வடக்கிலிருந்து வருகிறவை தலைகாட்டத் தொடங்கும். கம்பியில் வரிசையாகத் தகைவிலான், சேற்றில் பொரி உள்ளான். அந்தரத்தில் பறக்கும் உழவாரனையும் தகைவிலானையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், உழவாரன் கம்பியில் உட்காராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலிப் புதரிலிருந்து "டக், டக்" என்று கூழாங்கல் மோதுகிற மாதிரி சத்தம் கேட்டால் நாணல் கதிர்க்குருவி வந்துவிட்டது. ஆள் கண்ணில் படுவது கஷ்டம். மார்கழி, தையில் கண்மாயில் நீலச்சிறகி மாதிரியான வலசை வாத்துகள். மாசி, பங்குனியில் ஊதாத் தேன்சிட்டின் ஆண் பளபளவென்று நிறமேறி நிற்கும், குயிலின் குரல் கூடும். சித்திரை, வைகாசியில் வலசைப் பறவைகள் கிளம்பிப் போயிருக்கும். வெயிலுக்குப் பயந்து மிச்சப் பறவைகளும் ஏழரை மணிக்கே அடங்கிவிடும், நீங்களும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். ஆடிக் காற்றில் காது உதவாது. ஆனால் அப்பன் ஆத்தாளிடம் இரை கேட்டுக் கத்துகிற இளம் பறவைகளைத் தெருவில் பார்க்க அது நல்ல காலம்.

இந்த வரிசையில் ஒரு பறவையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் நம் பக்கம் வந்து சேரும். மைனாவை விடச் சின்னது, வாலே இல்லாத மாதிரி கட்டையான உடம்பு. பச்சை முதுகு, இறக்கையில் பளிச்சென்று நீலம், வயிற்றின் கீழே சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சீழ்க்கையாகக் குரல் கொடுக்கும். பகலெல்லாம் மரத்தடிச் சருகில் புழு தேடும். இரவில் பறந்து வருவதால் களைத்துப்போய், வெளிச்சத்தில் தடுமாறி, சுவரிலோ ஜன்னலிலோ மோதி விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படி ஒன்றைப் பார்த்தால் கையில் வைத்துக் கொஞ்ச வேண்டாம், தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டாம். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து, அதற்குள் விட்டு மூடி, சத்தமில்லாத இருட்டான இடத்தில் வையுங்கள். அடி பலமாக இல்லையென்றால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். பூனை இல்லாத மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் கசிந்தாலோ வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

சரி, கருவிகள். முதலில் வாங்க வேண்டியது பைனாகுலர். பெட்டியில் 8×42 என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம், அதிகாலை மங்கலிலும் தெளிவாகத் தெரியும். பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்லதாகக் கிடைக்கும். மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடத் தெரியும், பார்வை வட்டமும் குறுகும். ஜூம் வைத்தது வேண்டவே வேண்டாம். வாங்கியதும் கண்ணுக்குச் சரிசெய்யாமல் தலைவலிக்கிறது என்று அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் அதிகம். இப்படிச் செய்யுங்கள். இரண்டு குழாயையும் மடக்கி விரித்து, தெரிகிற இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகிற இடத்தில் நிறுத்துங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, தூரத்துக் கடைப் பலகையின் எழுத்து இடது கண்ணுக்குத் தெளியும் வரை நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் அதே எழுத்து தெளியும் வரை திருப்புங்கள். அந்த வளையத்தை இனி மாற்ற வேண்டாம். மூக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால் கண் வைக்கும் ரப்பரை மடித்துவிடுங்கள். பறவையைப் பார்க்கும்போது அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பைனாகுலரை கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பைனாகுலரை வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் வானமும் இலையும்தான் கிடைக்கும்.

இன்னொரு கருவி பாக்கெட் நோட்டு. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எங்கிருந்து எதுவரை, என்னென்ன, எத்தனை. காக்காயையும் எண்ணி எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை ஈபேர்டு தளத்தில் ஏற்றலாம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் நடத்துகிற இலவசத் தளம். நடையில் அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் எழுதினேன், ஒன்றையும் விடவில்லை என்று குறிப்பிட்டு ஏற்றினால்தான் அது ஆய்வுக்கு முழுப் பயன் தரும். எழுதாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்பதும் அப்போதுதான் உறுதியாகும். மேலே சொன்ன 2023 அறிக்கையே நாடு முழுக்க 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் இப்படிப் பதிந்த சுமார் 3 கோடிக் குறிப்புகளிலிருந்து எழுந்ததுதான். நமக்குத் தினமும் கேட்டுப் பழகிய மயில் பெருகியிருப்பதும் அதில் தெரிகிறது. தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிய நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பிப்ரவரியில் உலக அளவில் ஒரு கணக்கெடுப்பு உண்டு. இரண்டிலும் கால் மணி நேரம் எண்ணினாலே சேர்ந்துகொள்ளலாம்.

சிட்டுக்குருவி பற்றி அடுத்து எப்படியும் கேட்பீர்கள். செல்போன் டவர்தான் அதை அழித்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. கூடு வைக்க ஓட்டுச் சந்தும், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியும், சிந்திய தானியமும் இருக்கிற தெருவில் அது இன்றைக்கும் இருக்கிறது. கான்கிரீட் வீட்டில் சந்து இல்லை, அவ்வளவுதான். மொட்டை மாடியில் அகலமான, ஆழமில்லாத மண் சட்டியில் தண்ணீர் வைத்து, நடுவில் ஒரு கல் போட்டு, தினமும் கழுவி மாற்றுங்கள். கத்திரி வெயிலில் அது பெரிய உபகாரம்.

செய்யக்கூடாததும் கொஞ்சம் இருக்கிறது. செயலியில் பதிவான குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். தன் இடத்துக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அலையும். கூட்டைப் படமெடுக்கக் கிளையை விலக்காதீர்கள், காக்கா உங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது, கூடு எங்கே என்று அதற்கும் தெரிந்துவிடும். காலி மனையில் ஆள்காட்டி தலைக்குமேல் பாய்ந்து பாய்ந்து கத்தினால் முட்டை பக்கத்தில் வெறும் தரையில், கல்லோடு கல்லாகக் கிடக்கிறது என்று அர்த்தம். வந்த வழியே காலைப் பார்த்து வைத்துத் திரும்பிவிடுங்கள். அம்மன் கையில் கிளி இருக்கிற ஊர்தான், ஆனாலும் நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கேமராவை ஒரு வருஷம் கழித்து யோசிக்கலாம். கேமரா கையில் இருந்தால் படம் நன்றாக வருகிற பறவையைத்தான் கண் தேடும், மங்கலாகப் புதருக்குள் இருப்பதை விட்டுவிடும். அடையாளம் தெரியாததற்குப் போனில் எடுத்த மங்கல் படமே போதும், வாலும் அலகும் தெரிந்தால் அனுபவமுள்ளவர் சொல்லிவிடுவார்.

அந்த ஒரு வருஷம் முடிந்ததும் அரிட்டாபட்டிக்குப் போங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. பாறைக் குன்றுகளில் லகர் ராஜாளி, ஷாகின் ராஜாளி, பொனெல்லி கழுகு ஆகியவை இருக்கின்றன. விடிந்ததும் போய்ச் சேர்ந்து, குன்றடியில் சின்னப் பறவைகளைப் பார்த்து முடியுங்கள். வெயில் ஏறிப் பாறை சூடானதும் கீழிருந்து கிளம்பும் காற்றில் பெரிய பறவைகள் வட்டமிட்டு மேலேறும். அந்த நேரத்துக்கு உச்சிப் பாறை தெரிகிற இடமாகப் பார்த்து, தொப்பியோடும் தண்ணீரோடும் நின்றுகொள்ளுங்கள்.